பயிர்க் கலங்களிற் கல்சியம்: தக்காளியின் பூமுனை அழுகலும் அதன் காரணமும்

கண்டி நகரைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும், நெல் அறுவடையின் பின் மரக்கறி பயிரிடப்படும் வயல்களிலும், தக்காளிச் செய்கையாளர் அடிக்கடி காணும் காட்சியொன்றுண்டு. செடி பசுமையாக ஓங்கி நிற்கும். இலையிற் புள்ளியோ புழுவோ இராது. முதற் குலைகளிற் காய்கள் பாக்களவினவாய்த் திரண்டு பருத்துவரும். அவ்வேளையிற் காம்புக்கு எதிர்ப்புறத்தே, பூ உதிர்ந்த முனையில், நீரில் ஊறியது போன்றதொரு சிறு புள்ளி தோன்றும். சில நாட்களுள் அது கபில நிறமாகிப் பின்னர்க் கறுத்து, தோல்போலத் தடித்து உட்குழிந்துவிடும். காயின் மறுபாதி பழுத்துச் சிவந்தாலும் சந்தையில் அதனை வாங்குவாரில்லை.

இதனைக் காணும் கமக்காரர் பெரும்பாலும் பூஞ்சண நோயென்றே எண்ணுவர். கறுத்த இடத்திற் சிலவேளை பூஞ்சணம் படர்ந்திருப்பதும் உண்டு. ஆதலின் அவ்வெண்ணம் இயல்பானதே. அவர் கடைக்குச் சென்று பூஞ்சணநாசினி வாங்கித் தெளிப்பர். காய்கள் மேலும் அழுகும். வேறொரு நாசினி வாங்கித் தெளிப்பர். பின்னர் வரும் குலைகள் தாமாகவே நலமாயமைந்தால், மருந்து வேலை செய்தது என்று கருதி அடுத்த போகத்திலும் அதனையே செய்வர். பணமும் உழைப்பும் வீணாவதோடு, வேண்டாத நஞ்சு மண்ணிலும் நீரிலும் சேர்கின்றது.

இக்கேடு நோயன்று. காயின் முனையிலுள்ள கலங்களுக்குக் கல்சியம் தட்டுப்படுவதால் விளைவது. பூமுனை அழுகல் என்பது இதன் பெயர். கறுத்த இடத்திற் காணப்படும் பூஞ்சணம் செத்த கலங்களின்மீது பின்னர் வந்து குடியேறியதேயன்றி, அவற்றைக் கொன்றதன்று. மண்ணிற் சுண்ணாம்பு இருந்தும் காயின் முனை கல்சியமின்றி வாடுவது எவ்வாறு என்பதை அறிய வேண்டுமாயின், பயிரின் கலத்தினுள் கல்சியம் எவ்வாறு ஏற்றப்படுகின்றது, எங்கே பூட்டி வைக்கப்படுகின்றது என்பதை ஓரளவேனும் அறிதல் வேண்டும்.

கண்டி மண்ணும் சுண்ணாம்பும்

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இத்தகைய மழை சரிவு நிலங்களிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக் கொண்டு போகின்றது. அவை நீங்கிய இடத்தில் ஐதரசனும் அலுமினியமும் தங்குவதால் மண் புளிப்படைகின்றது. அதாவது அமிலத்தன்மை மிகுகின்றது. அமில மண்ணிற் கரைந்து நிற்கும் அலுமினியம் வேர்நுனிகளைக் குறுக்கித் தடிக்கச் செய்யும். கல்சியத்தைப் பெரிதும் உறிஞ்சுவன அவ்விளம் வேர்நுனிகளே. முதிர்ந்த வேரின் உட்புறத்தே மெழுகு போன்ற தடுப்பொன்று அமைந்துவிடுவதால், அவ்வழியே கல்சியம் புகுதல் அரிது.

வியப்பு யாதெனில், இம்மண்ணுக்கு வேண்டிய மருந்து இப்பகுதியிலேயே பாறையாகக் கிடக்கின்றது என்பதே. திகனைப் பகுதியிலும் மாத்தளைப் பகுதியிலும் பளிங்குச் சுண்ணக்கல்லும் டொலமைற்றுக் கல்லும் உண்டு. டொலமைற்று என்பது கல்சியம், மகனீசியம் ஆகிய இரண்டின் காபனேற்றுக்களும் சேர்ந்த கல்லாகும். அதனை நுண்ணிய தூளாக அரைத்து இட்டால் அமிலம் தணிவதோடு இருவகை ஊட்டமும் பயிருக்குக் கிடைக்கும். எனினும் டொலமைற்று இட்ட நிலத்திலும் பூமுனை அழுகல் தோன்றுவதைக் கமக்காரர் கண்டிருப்பர். ஆகவே மண்ணிற் கல்சியம் இருத்தல் ஒன்று. அது காயின் முனையை அடைதல் வேறொன்று.

கல்சியம் செய்யும் தொண்டு

பயிரின் உடல் எண்ணிறந்த நுண்ணிய கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றிக் கலச்சுவர் என்னும் மதில் உண்டு. அம்மதிலின் உட்புறத்தே நெருங்கிப் பொருந்திய மெல்லிய உறை மென்சவ்வு எனப்படும். சுவரிலுள்ள பெத்தின் என்னும் பசைப்பொருளைக் கட்டி இறுக்குவது கல்சியம். கட்டுவேலையிற் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சுண்ணாம்புச் சாந்து எத்தகையதோ, கலத்துக்கும் கலத்துக்கும் இடையே கல்சியமும் அத்தகையது. மென்சவ்வு கசிந்து ஒழுகாதபடி காப்பதும் அதுவே. சுவரிற் கல்சியம் குறைந்தால் மென்சவ்வு ஓட்டையாகிக் கலத்தின் சாறு வெளியே கசியும். காயின் முனையில் முதலிற் காணப்படும் நீரூறிய புள்ளி இவ்வாறு கசிந்த சாறேயாகும்.

கலச்சுவரிலே இவ்வளவு வேண்டப்படும் கல்சியம், கலத்தின் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருளாகிய குழியவுருவில் மிகுந்துவிட்டால் நஞ்சாகும். உயிர்த்தொழில்கள் அனைத்துக்கும் வேண்டிய ஆற்றலை வழங்கும் பொருள்களிற் பொசுபேற்று உண்டு. கல்சியம் அதனோடு சேர்ந்தாற் கரையாத மாவாகப் படிந்துவிடும். ஆற்றல் வழங்கும் பொருள் படிந்து போயிற் கலம் இறந்துபடும். ஆகையாற் சுவரிலே கல்சியம் நிறைந்திருக்கவும் வேண்டும்; குழியவுருவில் அது இல்லாதது போல் இருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதுதான் கலத்தின் பெரும் பணிகளுள் ஒன்று.

கலத்தினுள் ஒரு கரண்டகம்

தாம்பூலத் தட்டிலே சுண்ணாம்புக் கரண்டகம் இருப்பதை யாவரும் அறிவர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இன்றியமையாதது. ஆயினும் அதனைக் கரண்டகத்தில் மூடிவைத்து, விரல் நுனியால் எடுத்துத் தடவுவரேயன்றி, அள்ளி வாயிலிடுவாரில்லை. சற்று மிகுந்தாலும் வாய் வெந்துவிடும். பயிரின் கலமும் இவ்வாறே செய்கின்றது.

முதிர்ந்த பயிர்க்கலமொன்றின் நடுவே பெரியதொரு நீர்ப்பை உண்டு. பாடநூல்கள் அதனைப் புன்வெற்றிடம் என்று கூறும். கலத்தின் கொள்ளளவிற் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கையும் அது அடைத்துக் கொள்வதுண்டு. அதனைச் சுற்றியும் ஒரு மென்சவ்வு உளது. கலத்தின் சுண்ணாம்புக் கரண்டகம் இந்நீர்ப்பையே. அதனுட் கரைந்துள்ள கல்சியத்தின் செறிவு, அதற்கு வெளியே குழியவுருவிலுள்ள செறிவைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்தது. இவை இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மாத்திரமே. நீர்ப்பையன்றி, குழியவுருவெங்கும் பின்னிக் கிடக்கும் அகமுதலுருச் சிறுவலை என்னும் நுண்குழாய்த் தொகுதியும் கல்சியத்தைச் சேமித்து வைக்கும் சிறிய அறையாக உதவுகின்றது.

ஏற்றும் பொறிகளும் திறக்கும் வாயில்களும்

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானே பாயும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு அதனை இறைத்தே ஏற்றல் வேண்டும். செறிவு குறைந்த குழியவுருவிலிருந்து செறிவு மிகுந்த நீர்ப்பைக்குக் கல்சியத்தை ஏற்றுவதும் அத்தகைய இறைப்பு வேலையே. இதற்கென மென்சவ்வில் இருவகைப் புரதங்கள் அமைந்துள்ளன.

முதலாம் வகை கலத்தின் ஆற்றலை நேரே செலவிட்டு இறைக்கும் பம்பி போன்றது. அது குறைந்த அளவிலுள்ள கல்சியத்தையும் பற்றி வெளியேற்ற வல்லது. இரண்டாம் வகை பண்டமாற்று முறையானது. நீர்ப்பையின் சாறு புளிப்பானது. அதில் ஐதரசன் அயன்கள் மிகுந்துள்ளன. அவ்வயன்கள் வெளியே வர முயலும்போது, அவற்றை வெளியே விட்டு அதற்கு மாறாகக் கல்சியத்தை உள்ளே இழுத்துக் கொள்ளும் புரதங்கள் உண்டு. பெருந்தொகையான கல்சியத்தை விரைந்து ஏற்றுவன இவையே. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடொப்சிசு என்னும் சிறுசெடியில் இவ்வகைப் புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகளை 1996 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

பூட்டிய கல்சியத்தை வெளியே விடுவதற்கு வாயில்களும் உள. அவை பெரும்பாலும் மூடியே இருக்கும். தக்க குறி கிடைத்தபோது மாத்திரம் நொடிப்பொழுது திறந்து மூடும். நீர்ப்பையின் மென்சவ்விலுள்ள வாயில்கள் மின்னழுத்தத்தாலும் குழியவுருவிலுள்ள கல்சியத்தாலும் ஆளப்படுகின்றன என்பதை 1987 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர்களாகிய இரெயினர் எட்ரிச், எர்வின் நேயர் ஆகியோர் வெளியிட்டனர். மென்சவ்வு வாயில்களைத் தனித்தனியே அளக்கும் முறையை வகுத்தமைக்காக நேயரும் பேற்று சக்மனும் 1991 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

கல்சியமே தூதனும் ஆதல்

குழியவுருவிற் கல்சியம் மிகக் குறைந்திருப்பதனால் மற்றுமொரு பயன் உண்டு. இரவின் அமைதியிற் சிறு மணியோசையும் தெளிவாகக் கேட்பது போல, வாயில் திறந்து சிறிதளவு கல்சியம் உட்புகுந்தாலும் கலம் அதனை உடனே உணரும். கல்மோடியுலின் முதலிய புரதங்கள் அக்கல்சியத்தைப் பற்றிக் கொண்டு வேறு புரதங்களை ஏவும். பின்னர்ப் பம்பிகள் கல்சியத்தை மீண்டும் நீர்ப்பையுள் ஏற்றிவிடும், செய்தியும் முடிவுறும். வெப்பம், குளிர், வறட்சி, உவர், புழுக்கடி என்பனவற்றை எல்லாம் பயிர் இவ்வாறே தன் கலங்களுக்கு அறிவிக்கின்றது.

2018 ஆம் ஆண்டில் யப்பானிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனைக் கண்ணாற் காணும்படி காட்டினர். கல்சியம் மிகும்போது ஒளிரும் புரதமொன்றைச் செடியில் ஆக்கி, அதன் இலையொன்றை மயிர்க்கொட்டி கடிக்கச் செய்தனர். கடிபட்ட இடத்திற் பிறந்த கல்சிய அலை, செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வேகத்திற் பரவி, கடிபடாத இலைகளையும் சென்றடைந்தது. அவ்விலைகள் புழுவை எதிர்த்தற்கு வேண்டிய பொருள்களை முன்னதாகவே ஆக்கத் தொடங்கின.

கண்டி வீதியோரங்களிலும் வரப்புகளிலும் படர்ந்து கிடக்கும் தொட்டாற்சுருங்கியின் இலை மடிவதும் இத்தகைய கல்சிய அலையாலேயே என்பது 2022 ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆராய்ச்சியால் விளங்கிற்று. இலை மடிய இயலாதபடி செய்யப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் மிகுதியாக உண்டன. நெற்பயிரிலும் இத்தகைய அமைப்பு உண்டு. நெல் குளிரைத் தாங்குதற்கு உதவும் புரதமொன்றைச் சீன ஆராய்ச்சியாளர் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது கலத்தின் வெளி மென்சவ்விலும் அகமுதலுருச் சிறுவலையிலும் அமைந்து, குளிர் தாக்கியவுடன் கல்சியம் குழியவுருவுட் பாய்வதற்கு உதவுகின்றது.

ஊசியாகப் படியும் கல்சியம்

மிகுதியான கல்சியத்தை வேறொரு வழியிற் பூட்டி வைக்கும் பயிர்களும் உண்டு. கண்டி வீட்டுத் தோட்டங்களில் வளரும் சேம்பையும் கருணையையும் நன்கு வேகவைக்காமல் உண்டால் தொண்டை அரிப்பதை யாவரும் அறிவர். அப்பயிர்களின் தனிப்பட்ட சில கலங்களின் நீர்ப்பைகளிற் கல்சியம் ஒட்சலேற்று என்னும் அமிலப் பொருளுடன் சேர்ந்து, ஊசி போன்ற நுண்பளிங்குகளாகப் படிகின்றது. அவ்வூசிகள் நாவிலும் தொண்டையிலும் குத்துவது அரிப்புக்கு ஒரு காரணம். பயிருக்கோ அது மிகுதிக் கல்சியத்தை ஒதுக்கும் வழியும், கடிக்க வரும் பிராணிகளைத் துரத்தும் காவலுமாகின்றது.

காய் மாத்திரம் பட்டினி கிடப்பது ஏன்

இனித் தக்காளிக்கு வருவோம். வேர் உறிஞ்சிய கல்சியம் காழ் என்னும் குழாய்களின் வழியே நீரோடு மேலேறுகின்றது. காழ்க்குழாய்கள் இறந்த கலங்களால் ஆனவை. ஆகவே அவற்றினூடே கல்சியம் தடையின்றிச் செல்லும். நீர் எங்கே மிகுதியாக ஆவியாகின்றதோ அங்கே நீரும் கல்சியமும் மிகுதியாகச் செல்லும். இலை பரந்தது, பகல் முழுவதும் நீரை ஆவியாக்குவது. காயோ உருண்டையானது, மெழுகுத்தோல் போர்த்தது, அதிலிருந்து ஆவியாகும் நீர் மிகச் சிறிது. எனவே கல்சியத்தின் பெரும்பங்கு இலைக்கே போய்ச் சேர்கின்றது.

இலையிற் சேர்ந்த கல்சியத்தைக் காய்க்குத் திருப்பி அனுப்ப இயலாதோ எனின், பெரும்பாலும் இயலாது. இலையில் ஆகிய சர்க்கரையைக் காய்க்குக் கொண்டு செல்லும் உரியக் குழாய்கள் உயிருள்ள கலங்களால் ஆனவை. உயிருள்ள கலம் தன் சாற்றிற் கல்சியத்தை மிகக் குறைவாகவே வைத்திருக்கும் என்பது மேலே கூறப்பட்டது. ஆதலின் உரியத்தின் சாறு சர்க்கரையையும் பொற்றாசியத்தையும் நிறையக் கொண்டு சென்றாலும் கல்சியத்தை ஏறக்குறையக் கொண்டு செல்வதில்லை. கலத்தினுள் நஞ்சைத் தடுக்கும் அதே விதி, காய்க்குக் கல்சியம் போகும் வழியையும் அடைத்துவிடுகின்றது. முதிர்ந்த இலையிற் கல்சியம் நிறைந்திருக்க, அதே செடியின் காய் முனையில் அது அற்றுப்போவது இதனாலேயே.

காயினுள்ளும் ஒரு பகுப்பு நிகழ்கின்றது. காயை வந்தடைந்த சிறிதளவு கல்சியத்தில் ஒரு பங்கு கலச்சுவருக்கும் மற்றொரு பங்கு நீர்ப்பைக்கும் செல்லல் வேண்டும். நீர்ப்பை அளவுக்கு மேல் இழுத்துக் கொண்டாற் சுவரும் மென்சவ்வும் பட்டினியாகும். இதனை ஆராய்ச்சியாளர் தெளிவாகக் காட்டியுள்ளனர். மேலே கூறிய பண்டமாற்றுப் புரதம் மிகையாகத் தொழிற்படும்படி செய்யப்பட்ட புகையிலைச் செடிகள், கல்சியத்தை மிகுதியாகச் சேர்த்து வைத்திருந்தும் கல்சியக் குறைபாட்டின் அடையாளங்களையே காட்டின என்று 1999 ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது. 2011 ஆம் ஆண்டிற் கலிபோணியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் தக்காளியிலும் அவ்வாறே கண்டனர். அப்புரதம் மிகுந்த தக்காளிக் காய்களின் மொத்தக் கல்சியம் கூடியிருந்தது. ஆயினும் அவற்றிலே பூமுனை அழுகல் பெருமளவிற் தோன்றிற்று. பொருள் களஞ்சியத்துள் இருந்தது, அடுப்பங்கரைக்கு வரவில்லை.

காய் விரைந்து பருக்கும் காலத்தில், அதாவது காய்பிடித்து ஏறக்குறைய இரண்டு கிழமைகள் வரையில், இவ்வாபத்து மிகுதி. தழைச்சத்து மிகுந்து செடி கொழுத்தாலும், வறட்சியில் வாடிய செடிக்குத் திடீரென நிறைய நீர் கிடைத்தாலும், காய் கல்சியத்தின் வரவை மிஞ்சிப் பருத்துவிடும். கண்டிப் பகுதியில் மாசி, பங்குனி மாதங்களின் வறட்சியும், அதனை அடுத்துச் சித்திரையிற் பிற்பகல் தோறும் கொட்டும் இடிமழையும் இத்தகைய நிலையை உண்டாக்க வல்லன. குடைமிளகாயிலும் கறிமிளகாயிலும் இதே கேடு காயின் முனையை ஒட்டிய பக்கத்திற் காணப்படும். கோவாவிற் சுற்றிய தலையின் உள்ளிலைகளின் ஓரம் கருகுவதும் இதன் இனமே. உள்ளிலை காற்றுப் படாது மூடியிருப்பதால் அங்கே நீர் ஆவியாவதில்லை. ஆகவே கல்சியமும் செல்வதில்லை.

இத்தகைய மூடிய உறுப்புகளுக்கு இரவு ஓரளவு உதவுகின்றது. இரவில் இலையின் ஆவியிழப்பு அடங்கியபின், ஈரமான மண்ணிலுள்ள வேர் நீரைக் கீழிருந்து மேலே தள்ளும். அதிகாலையில் நெல்லிலையின் நுனியில் முத்துப்போல் நிற்கும் துளி பெரும்பாலும் பனித்துளியன்று. இவ்வேரமுக்கத்தால் உள்ளிருந்து கசிந்த நீரேயாகும். அவ்வமுக்கம் காய்க்கும் உள்ளிலைக்கும் சிறிது கல்சியத்தைக் கொண்டு செல்கின்றது. மாலையில் மண் வறண்டு கிடந்தால் அவ்வுதவியும் கிட்டாது.

நெல் வயலும் மரக்கறி வயலும்

நெற்பயிரிற் கல்சியக் குறைபாடு காண்பது அரிது. நெல் முதலிய புல்லினங்களின் கலச்சுவரிற் பெத்தின் குறைவு. ஆதலின் அவற்றிற்கு வேண்டிய கல்சியமும் குறைவு. அன்றியும் வயலில் நீர் நிறுத்தும்போது மண்ணின் ஒட்சிசன் தீர்ந்து, அமில மண்ணின் பீ.எச். பெறுமானம் சில கிழமைகளுள் நடுநிலையை நோக்கி உயர்கின்றது. நீர் தேங்கிய மண்ணின் இரசாயனத்தை விரிவாக ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தியவர் இலங்கையரான மண் விஞ்ஞானி பொன்னம்பெரும ஆவார். நெல்லின் இலை வெண்கல நிறமாகும் கேடு இரும்பின் மிகுதியால் விளைவது என்று 1955 ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர். பின்னர்ப் பிலிப்பைனிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, 1972 ஆம் ஆண்டில் நீர் தேங்கிய மண்ணைப் பற்றிய பெருங்கட்டுரையை வெளியிட்டார்.

இதிலே மரக்கறி செய்வோருக்குரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பெரும்போக நெல்லை அறுவடை செய்தபின் அவ்வயலை வடித்து உலர்த்தித் தக்காளியோ கறிமிளகாயோ நடும்போது, மண்ணினுட் காற்றுப் புகுந்து பீ.எச். பெறுமானம் மீண்டும் கீழிறங்கும். நெல்லுக்குத் தீங்கு செய்யாத அதே வயல் மரக்கறிக்குப் புளிப்பு நிலமாகும். சேறடித்ததால் இறுகிய அடிமண் வேரையும் தடுக்கும். ஆகவே நெல் நன்றாக விளைந்த வயல் என்பதைக் கொண்டு, மரக்கறிக்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை என்று முடிவு செய்தல் தவறாகும்.

கமக்காரர் செய்யத்தக்கன

1. நடுகைக்கு முன்னர் மண்ணைப் பரிசோதித்தல் வேண்டும். வயல் உலர்ந்தபின் மாதிரி மண்ணை எடுத்து, அப்பகுதி விவசாயப் போதனாசிரியர் வாயிலாகப் பரிசோதனைக்கு அனுப்புதல் நன்று. தக்காளிக்குப் பீ.எச். பெறுமானம் 6.0 முதல் 6.5 வரை இருத்தல் ஏற்றது. அது குறைந்திருப்பின், பரிசோதனை கூறும் அளவின்படி நுண்ணிய டொலமைற்றுத் தூளை நடுகைக்கு இரண்டு அல்லது மூன்று கிழமைகள் முன்னதாக இட்டு, மேல்மண்ணோடு நன்கு கலத்தல் வேண்டும். யூரியாவையோ அமோனியம் சல்பேற்றையோ அதனோடு சேர்த்து இடலாகாது. இட்டால் நைதரசன் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும்.

2. அமிலம் இல்லாது கல்சியம் மாத்திரம் குறைந்த நிலத்துக்கு ஜிப்சம் ஏற்றது. அது பீ.எச். பெறுமானத்தை உயர்த்தாமலே கல்சியத்தைக் கொடுக்கும்.

3. நீர் பாய்ச்சலிற் சீர்மை வேண்டும். கடும் வறட்சிக்குப் பின் வெள்ளமாகப் பாய்ச்சுவதிலும், குறைந்த அளவில் அடிக்கடி பாய்ச்சுவதே சிறந்தது. வைக்கோலாலோ கிளிரிசீடியா இலையாலோ பாத்திக்கு மூடுபடை இட்டால் மண்ணின் ஈரம் ஒரே நிலையில் நிற்கும். இடிமழைக் காலத்தில் நீர் தேங்காதபடி வடிகால் வெட்டி, உயர்ந்த பாத்தியிற் செடிகளை நிறுத்துதல் வேண்டும். நீரில் மூழ்கிய வேர் மூச்சின்றிக் கல்சியத்தை உறிஞ்ச மாட்டாது.

4. தழைச்சத்தை ஒரே முறையில் மிகுதியாக இடாது பிரித்து இடுதல் வேண்டும். அமோனிய வடிவிலான நைதரசனும், அளவுக்கு மிஞ்சிய பொற்றாசியமும் வேரிற் கல்சியத்தோடு போட்டியிட்டு அதனைத் தள்ளிவிடும். காய் பிடிக்கும் காலத்தில் இவற்றை மிகுதியாக இடுதல் கேடு தரும்.

5. வேரைக் காத்தல் வேண்டும். பூத்தபின் செடியின் அடியில் மண்வெட்டியால் ஆழக் கொத்தினால் இளம் வேர்நுனிகள் அறுபடும். களையைக் கையாற் களைதல் நன்று. வட்டப்புழு தாக்கி வேரில் முடிச்சுகள் தோன்றிய நிலத்திற் பயிர்மாற்றம் செய்தல் வேண்டும்.

6. கேடுற்ற காய்களைக் கண்டவுடன் கொய்து நீக்கினால், செடியின் ஆற்றல் எஞ்சிய காய்களுக்குப் பயன்படும். கறுத்த இடம் மீண்டும் நலமாகாது. கல்சியக் கரைசலைத் தெளிப்பதாயின் அது இளங்காயின்மீது படுதல் வேண்டும். இலையின்மீது மாத்திரம் தெளித்தது காய்க்குச் செல்லாது என்பதன் காரணம் மேலே விளக்கப்பட்டது. தெளித்தல் ஒரு துணையேயன்றி, சீரான நீருக்கு ஈடாகாது.

7. பூஞ்சணநாசினி வாங்குமுன் இக்கேடு எது என்பதைத் துணிதல் வேண்டும். கறுப்பு எப்போதும் பூமுனையிலேயே தோன்றி, உலர்ந்து தோல்போல் இருந்து, இலையும் தண்டும் நலமாக இருப்பின் அது பூமுனை அழுகலே. இலையிலும் தண்டிலும் கருகிய திட்டுக்கள் தோன்றி, காயின் எப்பக்கத்திலும் கறை படர்ந்து, ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் பரவுமாயின் அது நோயாகும். அதற்கு மாத்திரமே நாசினி வேண்டும்.

முடிவு

பயிர் கல்சியத்தை விரும்பியும் அஞ்சியும் வாழ்கின்றது. சுவருக்கு அதனை வேண்டுகின்றது. குழியவுருவிலிருந்து அதனை விலக்குகின்றது. எஞ்சியதைக் கரண்டகத்திற் பூட்டி வைத்து, வேண்டும்போது நொடிப்பொழுது திறந்து செய்தி அனுப்புகின்றது. பம்பியையும் வாயிலையும் கமக்காரர் தம் கையால் இயக்க முடியாது. அவை பயிரின் பொறுப்பு. ஆனால் வேர்நுனி வரையிலான வழி கமக்காரரின் பொறுப்பாகும். மண்ணின் புளிப்பைத் தணித்து, ஈரத்தை ஒரே நிலையில் வைத்து, உரத்தை அளவோடு இட்டு, வேரைக் காப்பவரின் தோட்டத்திற் காய் முனை கறுப்பது பெரிதும் குறையும். அடுத்த குலையிற் கறுத்த காயொன்றைக் காணும் கமக்காரர், கடைக்குச் செல்லுமுன் பாத்தியின் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து அதன் ஈரத்தைப் பார்ப்பாராக.